கை விடுவதைக் கைவிடவும்

சுகாதார ஆய்வாளர் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘ஐஸ் பெட்டியில் கை விடுவதை உடனடியாகக் கைவிடவும்.’ இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிக்க வேண்டியவர் என் தங்கையின் புருஷன். அவர் நாலு தடவை படித்திருக்கிறார். முன்னால் ‘கை விடுவதை’ என்று இருக்கிறது, பின்னால் ‘கைவிடவும்’ என்று இருக்கிறது. எது கடைசியில் இருக்கிறதோ அதுதானே உத்தரவு? ‘விடவும்’ என்று மரியாதையாக வேறு எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் விடலாம் என்று தீர்மானித்து, காகிதத்தை நாலாக மடித்து எலுமிச்சம்பழக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தங்கை கேட்டதற்கு, சரி சரி, எப்பவும் போலச் செய்யச் சொல்லியிருக்காங்க என்றாராம்.

மாப்பிள்ளைக்குத் தெருவில் சரிசரி என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் பாதி கேட்பதற்குள் சரி சரி என்பார். கல்யாணத்தன்று நான் அவரைத் தனியே கூப்பிட்டு, என் தங்கச்சியைக் கண் கலங்காம என்று ஆரம்பித்தேன். பார்த்துக்கணும் என்று முடிப்பதற்குள் சரி சரி என்றுவிட்டார். எதற்குச் சரி சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆய்வாளருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. சுகாதாரம். ‘சுகாதாரம் வருது’ என்று முனையில் ஒரு குரல் கேட்டால் போதும், வரிசையாக எல்லாக் கடையிலும் மேஜை துடைக்கிற சத்தம் கேட்கும். அடுத்த வாரம் சுகாதாரம் மறுபடி வந்தபோது மாப்பிள்ளையின் கை முழங்கை வரைக்கும் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. என்ன எழுதிக் கொடுத்தேன் உங்களுக்கு என்று அவர் கேட்டார். மாப்பிள்ளை கையை வெளியே எடுக்கக்கூட இல்லை.

“விடவும்னு எழுதியிருந்தீங்களே சார். அதான் விட்டேன்.”

இருபது வருஷமாக அந்த வரியை எழுதிக் கொடுக்கிற மனுஷன். இப்படிக் கீழ்ப்படிந்தவரை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்து நாள் கழித்து வருவேன், அன்றைக்கு யார் கையாவது ஐஸில் பட்டால் கடைக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை எழுதிக் கொடுக்கவில்லை. வாயால்தான் சொன்னார். மாப்பிள்ளை சரி சரி என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஜூஸ் கடை அது. மூன்று பேர் தோளோடு தோள் நின்றால் கடை முழுதும் நிறைந்துவிடும். மாப்பிள்ளை பழம் நறுக்கி, ஒரு பிடி ஐஸோடு மிக்ஸியில் போடுவார். தம்ளரில் ஐஸ் போடுவது, ஊற்றுவது, சிரித்த முகமாக எடுத்துக் கொடுப்பது எல்லாம் தங்கை. பதினாறு வருஷம் நின்றே கட்டிய கடை. கடை போனால் மாப்பிள்ளை எங்கேயாவது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சரி சரி சொல்லிக்கொண்டு இருந்துவிடுவார். அவளால் முடியாது. அவளுக்கு என்று இருப்பது அந்த நாலடிப் பலகை ஒன்றுதான்.

நல்லது, ஒரு ஐஸ் கரண்டி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சொன்னேன். கடையில் விற்கிற கரண்டி ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் திரும்பாது என்றாள் தங்கை. எந்தக் கிறுக்கன் செய்தான் இப்படி ஒரு பெட்டியை என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கிறுக்கன் நான்தான் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குத் தகரப் பட்டறை. தபால் பெட்டி, புனல், தட்டு, அடுப்புக்கு மேலே மாட்டுகிற புகைக்கூண்டு, எவர்சில்வர் தகட்டில் என்ன கேட்டாலும் வளைத்துத் தருவேன். பலகைக்கு அடியில் இடுக்கில் நிற்கிற மாதிரி அந்தப் பெட்டியைச் செய்து, வாயை அரைச் சாண் அளவுக்கு வைத்தேன். வாய் சின்னதாக இருந்தால் குளிர் வெளியே போகாது என்று அன்றைக்கு எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். குளிர் வெளியே போகவில்லை, உண்மை. கரண்டியும் உள்ளே போகவில்லை. பெட்டி செஞ்ச மகராசன் கரண்டி செய்ய மாட்டீங்களா மச்சான் என்று மாப்பிள்ளை கேட்டார். குத்திக் காட்டினாரா, வெள்ளையாகக் கேட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். குழாயை நெடுக்காகப் பாதியாகப் பிளந்த மாதிரி ஒரு உடல். பெட்டி வாயில் விரல் மூட்டு இடிக்காமல் இருக்க மேல்நோக்கி வளைந்த பிடி. குளிர் ஏறாமல் இருக்கப் பிடிக்கு ரப்பர் உறை. ஒரு அள்ளுக்கு ஒரு தம்ளர். பட்டறையில் ஐஸுக்கு எங்கே போவது? வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியை வாளியில் போட்டு அள்ளி அள்ளிப் பார்த்தேன். அருமையாக வந்தது. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஜல்லி ஜூஸ் போடப் போறீங்களா என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

அவள் வாய் பலித்தது. மூன்றாம் நாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜல்லி உருகாது, ஒட்டாது. ஐஸ் இரண்டும் செய்யும். தங்கை கரண்டியைச் சாய்த்தாள், ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தாள், தண்ணீர் விழுந்தது. ஒரு உதறு உதறினாள், மொத்தமும் ஒரே கட்டியாகத் தம்ளரில் இறங்கி, தம்ளரின் அடியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பேருந்துக்கு நின்றிருந்த ஒருவரின் சட்டைப் பையில் தர்பூசணி ஜூஸ். அவர் பையிலிருந்து விதையை எடுத்துக்கொண்டே பேருந்து ஏறினார்.

அடுத்த கரண்டியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டேன். அடியில் போட்டதுதான் தப்பு. ஐஸ் தம்ளருக்கு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளையின் கால், பலகை, நறுக்கி வைத்த அன்னாசி எல்லாம் நனைந்தது. மச்சான், குடை ஒண்ணும் சேர்த்துச் செஞ்சுடுங்க என்றார். இவர் இப்படியெல்லாம் பேசுவாரா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. ஓட்டையைப் பின்பக்கம், பிடிக்கு அருகே ஏற்றினேன். அள்ளிய உடனே கரண்டியைப் பின்னால் சாய்த்தால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே வடிந்துவிடும். ஐஸ் ஒட்டாமல் இருக்க உள்பக்கம் நீளவாட்டில் மூன்று வரம்பு தட்டினேன். கடைசியாக, இடது ஓரத்தில் ஒரு மூக்கு. கரண்டியை வலது கையில் பிடித்து உள்பக்கம் ஒரு சின்னச் சாய்ப்புச் சாய்த்தால், ஐஸ் வரிசையில் நிற்கிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக மூக்கு வழியாகத் தம்ளருக்குள் இறங்கும். இந்தத் தடவை நிஜ ஐஸ் வாங்கி வந்து வீட்டில் என் மனைவி முப்பது தம்ளர் நிரப்பினாள். ஒரு துண்டுகூட வெளியே விழவில்லை. பரவாயில்லையே என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஏழாம் நாள் கடைக்குக் கொண்டுபோனேன். முதலில் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் கையிலேயே ஒழுங்காக வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தங்கை வாங்கினாள். பாதி தம்ளருக்குள், பாதி பலகையில். இன்னொரு தடவை போடச் சொன்னேன். முக்கால்வாசி பலகையில்.

“கரண்டில குத்தமில்லண்ணா. எனக்குத்தான் வரல.”

எனக்கு ஏறிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் வருகிறது, இந்த மகராசிக்கு மட்டும் வராதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீ அதையும் சொல்ல மாட்டேன் என்கிறாய், ஆடவும் மாட்டேன் என்கிறாய், இன்னும் மூன்று நாளில் கடைக்குச் சீல் வைத்தால் அந்தக் கரண்டியை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பாய் என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன். அவள் பலகையில் சிதறிய ஐஸைத் துணியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள், சொன்னேன். திட்டினீங்களே, அவ எப்படி அள்ளுறான்னு பாத்தீங்களா என்றாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் சேராத வரைக்கும் தங்கை கரண்டியால்தான் ஐஸ் போட்டாள், எல்லாம் கொட்டியது. பதினோரு மணிக்கு இரண்டு பேருந்து சேர்ந்தாற்போல வந்தது. பலகைக்கு முன்னால் இருபது தலை. கரண்டியை வைத்துவிட்டாள். அதன் பிறகு பார்க்கணும் அவள் வேகத்தை. தம்ளர் கீழே போகிறது, ஐஸோடு மேலே வருகிறது, ஜூஸ் விழுகிறது, சிரித்த முகமாக வலது கை நீட்டுகிறது. அவ்வளவும் பழைய மாதிரி, கையால்தான் அள்ளுகிறாள். திட்டலாம் என்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் காதில் சொருகியிருந்த பென்சில் விழுந்து பலகைக்கு அடியில் உருண்டது. குனிந்தேன்.

பெட்டிக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது இடது கை.

நான் அப்படியே குந்தியபடி இருந்தேன். பலகைக்கு மேலே வலது கை தம்ளரை நீட்டுகிறது, சில்லறை கொடுக்கிறது, கும்பிடு போடுகிறது. கீழே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இடது கை எல்லா வேலையும் செய்கிறது. ஐந்து விரலும் வெளுத்துச் சுருங்கி, நகத்தின் ஓரமெல்லாம் வெடித்து, அது என் தங்கையின் கை மாதிரியே இல்லை. இரண்டு தம்ளருக்கு நடுவே அதை இடுப்புத் துணியில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பதினாறு வருஷம்.

அவள் பிறவியிலேயே இடக்கைக்காரி. எனக்கு அது தெரியும். தெரியும் என்ன, அதைத் ‘திருத்தியவன்’ நான்தான். சாப்பாட்டு நேரத்தில் எதிரே என்னை உட்கார வைப்பார் அப்பா. கையில் அடிஸ்கேல். அவள் இடது கை தட்டுக்குப் போனால் நான் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், கைய மாத்து என்று சொல்ல வேண்டும். எழுதும்போது தட்டு, பந்து எறியும்போது தட்டு, கைய மாத்து, கைய மாத்து. எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. அப்பாவைவிட நான் மும்முரம். ஒரு வருஷத்தில் மாற்றிவிட்டேன் என்று இன்றுவரை சொந்தக்காரர்கள் வீட்டில் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் மாறவில்லை. கையைப் பலகைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் குறைந்ததும் உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன். கையைத் துணிக்குள் மறைத்தாள்.

“ஏன்டி சொல்லல, எடக்கைன்னு?”

“சொன்னா தட்டுவியே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் இருக்கும்போது கரண்டியை வலது கையில் பிடித்திருக்கிறாள். அந்தக் கைக்கு எடுத்துக் கொடுக்கத்தான் தெரியும், அளந்து ஊற்றத் தெரியாது. நான் போனதும் இடது கைக்கு மாற்றிப் பார்த்திருக்கிறாள், மூக்கு தப்பான பக்கம் இருக்கிறது, ஐஸ் அவள் மேலேயே விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்டாள், அப்ப கூடம்தான் கோணலா என்று. ஆமாம் என்றேன். அதையும் அவள் மூன்றாவது தடவையாகக் கேட்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் பட்டறையில், கரண்டிக்கு வெட்டிய காகித அச்சை எடுத்துத் தகட்டின் மேல் குப்புறப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. மூக்கு வலது பக்கம் வந்துவிட்டது. வெட்டி, வளைத்து, ஓரத்தை அரத்தால் தேய்க்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிடிக்கு மட்டும் ரப்பரை இரண்டு சுற்றாகச் சுற்றினேன். அந்த விரல்களில் இனிமேல் குளிர் ஏறக்கூடாது. சாயங்காலம் கொடுத்துவிட்டு, நான் பார்க்கவில்லை, நீ போட்டுப் பழகு என்று தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் ஐஸ் தம்ளரில் இறங்குகிற சத்தம் கேட்டது. பலகையில் விழுகிற சத்தம் கேட்கவே இல்லை. சிறிது நேரம் கழித்து மாப்பிள்ளை வந்து, ‘மச்சான், அவ பாடிக்கிட்டே போடுறா’ என்று காதில் சொன்னார்.

பத்தாம் நாள் சுகாதாரம் சொன்னபடி வந்தது. நான் ஸ்டூலில் இருந்தேன். பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, போலீஸ் பிடித்த மாதிரி, பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றார். பழத்தை யார் நறுக்குவது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆய்வாளர் ஒரு ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். தங்கை தம்ளரோடு குனிந்தாள். அவர் பலகையைத் தட்டினார். கீழே போட்டால் எனக்கு எப்படித் தெரியும், கண் முன்னால் மேலே வைத்துப் போடுங்கள் என்றார்.

தங்கை கரண்டியால் அள்ளி, பின்னால் சாய்த்துத் தண்ணீரை வடித்து, மேலே கொண்டுவந்தாள். இடது கை. அத்தனை பேர் நடுவில், பகல் வெளிச்சத்தில். நிமிர்ந்தவள் முதலில் பார்த்தது ஆய்வாளரை அல்ல, என்னை. முகம் மாறியது. கரண்டி நிறைய ஐஸ், எதிரே அதிகாரி, இவள் தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டுக் கரண்டியை வலது கைக்குக் கொண்டுபோகிறாள். மாற்றினால் கொட்டும். கொட்டினால் பழக்கத்தில் கை பாய்ந்து பிடிக்கும். பிடித்தால் பூட்டு, பூட்டுக்கு மேல் சீல்.

ஸ்டூல் பின்னால் சாய எழுந்துவிட்டேன்.

“கைய மாத்தாத.”

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் பயந்து தன் பையைக் கைமாற்றாமல் அப்படியே நின்றார். தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டியை இடது கையிலேயே இறுக்கிப் பிடித்து, தம்ளருக்கு மேல் ஒரு சின்னச் சாய்ப்புச் சாய்த்தாள். ஐஸ் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கியது. ஒரு துண்டு வெளியே விழவில்லை.

ஆய்வாளர் குனிந்து பலகையைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிழிந்து வைத்திருந்த ஜூஸைத் தங்கை ஊற்றிக் கொடுக்க, நின்று நிதானமாகக் குடித்தார். காகிதம் எடுத்து ஒரு வரி எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். மாப்பிள்ளை சரி சரி என்று வாங்கி நாலு தடவை படித்துவிட்டு, வெளுத்த முகத்தோடு என்னிடம் கொண்டுவந்தார். ‘ஐஸ் பெட்டியில் கை விடுவது முற்றிலும் கைவிடப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தது.

“இது நல்லதா கெட்டதா, மச்சான்?”

நல்லதுதான் மாப்ள, பழத்தை நறுக்குங்க என்றேன். சரி சரி என்று கத்தியை எடுக்கப் போனார்.

தங்கை எனக்கும் ஒரு தம்ளர் போட்டுக்கொண்டு வந்தாள். வலது கையில் துடைக்கிற துணி, இடது கையில் தம்ளர். பாதி நீட்டியதும் அவள் கை ஒரு கணம் நின்றது. நான் அதற்குள் வாங்கிக்கொண்டேன். அவள் விரல் என் விரலில் பட்டது, சில்லென்று இல்லை. குடித்தேன். ஐஸ் கொஞ்சம் அதிகம், சர்க்கரையும் தூக்கல். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.